பெரியவருக்கு ஒரு பல்செட்

எங்கள் தெருவில் யாராவது வாய்கொள்ளாமல் சிரித்தால், அந்தச் சிரிப்பில் பாதி என் மாமா செய்தது. அவர் பல்செட் செய்கிறவர். டாக்டர் கிடையாது. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். ஆளின் முகத்தைக்கூடப் பார்க்காமல், மாமா அந்த அச்சை வைத்துக்கொண்டு மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, அக்ரிலிக் ஊற்றி வேகவைத்து, தேய்த்து, பளபளவென்று திருப்பி அனுப்புவார். தெருவில் அவருக்குப் ‘பல்லு’ என்றுதான் பெயர். அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், பின்னால் வேறு யாரோ வருகிறார்கள் என்று ஒதுங்கி வழிவிடுவார்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடமும் நானும் பத்தாவதோடு பேசி முடித்துக்கொண்டோம். காலையில் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். மத்தியானத்துக்கு மேல் மாமாவின் பின்னறை. வீட்டிலிருக்கும் ஒரே ரெக்கார்டு பிளேயர் அங்கேதான் இருக்கிறது. மாமா எனக்கு வைத்த பெயர் வாலு. காரணம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். ஒருநாள் அவர் கடிதப்பெட்டிக்குள் கையை விட்டபோது உள்ளே ஒரு முழுப் பல்செட் அவருக்காகக் காத்திருந்தது. இப்போதும் அவர் முதலில் ஒரு குச்சியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் கடிதம் எடுக்கிறார்.

பின்னறைக்கு ஒரே ஜன்னல். அதன் கீழே நீளமான மேசை, ஒரு தொட்டி, மெழுகை உருக்க ஒரு சின்ன அடுப்பு. எதைத் தொட்டாலும் பிளாஸ்டர் தூசி. சுவர் நெடுக அலமாரிகளில் பிளாஸ்டரில் வார்த்த வெள்ளைத் தாடைகள், வகுப்பில் வாய்பிளந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மாதிரி. பிளேயர் ஒரு முக்காலியின் மேல், தூசி படாமல் இருக்க அம்மாவின் பழைய குளியல் தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தொப்பியைக் கழற்றினால் வேலை தொடங்குகிறது என்று அர்த்தம்.

ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆல்பம். அதில் மாமா ரொம்பக் கறார்.

மோட்டாரில் பல்செட்டைத் தேய்க்கும்போது ‘குளத்து மாடு’. உண்மையான பெயர் அட்டையில் இருக்கிறது, ஆனால் தண்ணீரில்லாத நீச்சல் குளத்துக்குள் ஒரு மாடு நின்றுகொண்டிருக்கும் படத்தைப் பார்த்தபிறகு யார் பெயரைப் படிக்கப் போகிறார்கள்? ராக் ஆல்பம். நாலு பேர் சேர்ந்து ஒரு கதவை உடைக்கிற மாதிரி ஆரம்பிப்பார்கள். பக்கம் முழுக்க உடைத்துக்கொண்டே இருப்பார்கள். கடைசிப் பாட்டில் கதவு முதலிலிருந்தே திறந்துதான் கிடந்தது என்று கண்டுபிடித்தவர்கள் மாதிரி, கிதாரைத் தொங்கப் போட்டுக்கொண்டு சும்மா நிற்பார்கள். அந்த ‘சும்மா’ வருகிற இடத்தில் மாமா மோட்டாரை நிறுத்திவிடுவார். எனக்கு அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் புறங்கையில் முடி நிற்கும். வெளியே சொன்னதில்லை. என் கௌரவம் என்னாவது?

மெழுகில் பல் நடும்போது ‘அக்கா தங்கை’. நாட்டுப்பாடல் பாடுகிற இரண்டு பெண்கள், முழங்கால் உயரப் புல், ஒரே ஒரு கிதார். ஒருத்தி மேலே பாடுவாள், ஒருத்தி கீழே. மாமா மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் சேர்த்து, நடுவில் கலர் காகிதத்தை விட்டுக் கடிக்க வைத்து, எங்கே இடிக்கிறது என்று பார்ப்பார். அப்போது பிளேயர் பக்கம் தலையை ஆட்டி, “பாருடி, எங்கயாவது இடிக்குதா?” என்பார். இடிக்காது. அவர்கள் இருவரும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்போது நடுவில் காகிதம்கூட நுழையாது.

எனக்குப் பிடித்தது ‘இருமல்’. ஒருவர் தனியாகக் கிதாரோடு ஒரு சின்ன அறையில் பத்துப் பதினைந்து பேருக்கு முன்னால் பாடி, அங்கேயே பதிவு செய்தது. இரண்டாம் பக்கத்தில், ரொம்ப மெதுவான ஒரு பாட்டின் நடுவே, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் யாரோ இருமிவிடுவார். பாடுகிறவர் நிறுத்தமாட்டார். ஆனால் அடுத்த வரியில் அவர் குரலுக்குள் ஒரு சின்னப் புன்னகை வந்துவிடும். பள்ளிக்கூட நாட்களில் வகுப்பில் எப்போதும் இருமியது நான்தான். எந்த வாத்தியார் குரலிலும் புன்னகை வந்ததில்லை. அதனால் அந்த ஆல்பத்தில் பாட்டுக்காரரைவிட இருமியவர்தான் எனக்கு நெருக்கம். ஜலதோஷம் சரியாகியிருக்குமா என்று சில சமயம் யோசிப்பேன்.

பாட்டெல்லாம் இங்கிலீஷ். எங்களுக்குப் பாதிதான் புரியும். மீதிப் பாதியை நாங்களே நிரப்பிக்கொள்வோம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ரெக்கார்டு இருந்தது. அதற்கு அட்டை கிடையாது. நடுவிலிருக்கும் காகித வட்டமும் எப்போதோ நனைந்து உரிந்துபோய், வெறும் கறுப்பு. எந்த வேலைக்கும் அது போடப்படாது. புதிதாக ஒருவருக்கு முழுப் பல்செட் தொடங்கும் முன்னால், கையைக் கழுவிவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து மாமா அதைக் கேட்பார். புளூஸ் என்கிற சோகப் பாட்டு. ஒரு கிதார், தரையைத் தட்டுகிற ஒரு கால், ஒரு கிழவரின் குரல். தடியை ஊன்றிப் படியேறுகிற மாதிரி மெதுவாக வருகிற குரல். ஒவ்வொரு வார்த்தையையும் கிணற்றிலிருந்து இழுத்து, விளிம்பில் வைத்து, மூச்சு வாங்கிவிட்டுத்தான் அடுத்ததை இழுப்பார். நாங்கள் அவரைப் ‘பெரியவர்’ என்போம். ரெக்கார்டுக்கும் அதே பெயர்தான்.

பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்த கதையை அம்மாதான் சொல்வாள். அம்மா மாமாவுக்கு அக்கா. மாமா இருபது வயதில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மேல்வரிசை முன்பல் நாலையும் ரோட்டில் விட்டுவிட்டு வந்தார். அதுவரை தெருவே அவர் வாய்க்குப் பயப்படுமாம், அவ்வளவு கேலி. (என் வால் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.) விழுந்த பிறகு வாயை மூடியவர் மூடியவர்தான். இரண்டு வருஷம். யாராவது பேச்சுக் கொடுத்தால் இடதுகை தானாக எழுந்து வாயை மூடிக்கொள்ளும். செயற்கைப் பல் கட்டிக்கொள்ளச் சொன்னால், அதற்கு டாக்டர் முன்னால் வாயைத் திறக்க வேண்டுமே!

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறானே என்று அம்மா பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பிளேயரும் ஒரு பை ரெக்கார்டும் வாங்கி வந்தாள். அதில் பெரியவர் இருந்தார்.

மாமா அந்தக் குரலைக் கேட்டார். ‘ஸ’ வருகிற இடத்திலெல்லாம் காற்று கசிந்தது. சத்தம் ‘ஸ’வுக்கும் ‘ஷ’வுக்கும் நடுவில் எங்கோ வழுக்கி விழுந்தது. கண்ணாடி முன்னால் நின்று தன் வாயால் அதே சத்தத்தை எழுப்பிப் பார்த்தார். அச்சாக அதேதான். இந்த ஆளுக்கும் முன்பல் இல்லை! முன்பல் இல்லாமலே, கையால் மறைக்காமல், வாயை முழுக்கத் திறந்து, ஊர் உலகம் கேட்க ஒரு மனுஷன் பாடி வைத்திருக்கிறார்!

அந்த வாரமே மாமா பல் டாக்டரிடம் போனார். வாயைத் திறந்தார். அச்செடுத்து அனுப்பிய இடம் எது என்று விசாரித்து அங்கேயும் போனார். போனவர் அந்தத் தொழிலிலேயே தங்கிவிட்டார். இப்போது அவர் வாயிலிருக்கும் முன்பல் நாலும் அவரே செய்தது. ஆனாலும் சிரிப்பு வரும்போது அந்த இடதுகை மட்டும் பழக்கதோஷத்தில் இன்னும் எழுந்துவிடும். மாமா சிரித்து முடித்ததை அவர் தோள் குலுங்குவது நின்றதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிளேயர் முக்காலிக்கு மேலே இருக்கும் அலமாரியில், ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில், தண்ணீருக்குள், ஒரு முழுப் பல்செட் கிடக்கும். அது பெரியவருக்காக மாமா செய்தது. குரலின் கனத்தை வைத்துத் தாடையின் அகலத்தைக் கணித்தாராம். பல் கொஞ்சம் மஞ்சள், ஒரு ஓரத்தில் சின்ன உடைசல். “புத்தம் புதுசா இருந்தா அவருக்குக் கூச்சமா இருக்கும்டி” என்பார். கிண்ணத்துத் தண்ணீரை அவரேதான் மாற்றுவார். என்னைத் தொடவிடமாட்டார். கடிதப்பெட்டி விஷயத்துக்குப் பிறகு அது நியாயம்தான்.

இந்த நிலைமையில்தான் ரெக்கார்டுக் கடைக்காரர் ஒன்று ஆரம்பித்தார். நீளமான தலைமுடியைப் பின்னால் கட்டியிருப்பார். நான் வைத்த பெயர் குதிரைவால். கடையின் மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம். யாராவது ஒருவர் தனக்குப் பிடித்த ஆல்பத்தைக் கொண்டுவந்து போட்டுக் காட்டி, அது தனக்கு ஏன் முக்கியம் என்று பேச வேண்டும். பிளேயருக்கு ஊசி வாங்கப் போன மாமாவிடம் அடுத்த கூட்டத்தில் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மாமா சரி என்று சொல்லிவிட்டார்.

அம்மாவுக்குக் கையிலிருந்த கரண்டி நழுவியது. “மேடையிலயா? நீயாடா?”

“மேடை இல்லக்கா. தரைதான். நாற்காலி போட்டிருப்பாங்க.”

“பேசுவியாடா?”

“பெரியவர் பாடலையா? நான் பேசக்கூடாதா?”

அதற்குப் பிறகு தினமும் பின்னறையில் ஒத்திகை. பாலிஷ் பிரஷ்ஷை மைக்காகப் பிடித்துக்கொண்டு வெள்ளைத் தாடைகளுக்கு முன்னால் நின்று பேசுவார். ‘இவருக்கு முன்பல் கிடையாது, எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேளுங்க...’ தாடைகள் வாய்பிளந்து கேட்கும்.

இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் இருந்தால் எனக்குக் கை சும்மா இருக்குமா?

அந்த பிளேயரில் வேகம் மாற்ற ஒரு சின்னக் குச்சி உண்டு: நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று சுற்று, இல்லாவிட்டால் நாற்பத்தைந்து. சின்ன வயதில் நான் அதைத் தள்ளித் தள்ளி அக்கா தங்கையை அணில்களாக மாற்றி விளையாடியதால், மாமா பல்செட்டுக்கு ஈறு செய்கிற இளஞ்சிவப்பு அக்ரிலிக்கை உருண்டையாக வைத்து, குச்சியை முப்பத்துமூன்றில் நிரந்தரமாக ஒட்டிவிட்டார். உலகத்திலேயே ஈறு உள்ள ஒரே பிளேயர் எங்களுடையதுதான். அதனால் எங்களுக்கு நஷ்டமும் இல்லை. பெரிய தட்டு என்றால் மெதுவாகச் சுற்ற வேண்டும், சின்னத் தட்டு என்றால் வேகமாகச் சுற்ற வேண்டும், அதுதான் எங்களுக்குத் தெரிந்த சட்டம். எங்களிடம் இருந்ததெல்லாம் பெரிய தட்டு.

வியாழக்கிழமை மாமா ஒரு டாக்டரிடம் பல்செட் கொடுக்கப் போயிருந்தார். திட்டம் எளிமையானது. ஈறை உடைத்து, குச்சியை நாற்பத்தைந்துக்குத் தள்ளி வைத்துவிடுவது. திரும்பி வந்து, கையைக் கழுவி, பக்தியோடு உட்கார்ந்து ஊசியை வைத்ததும் பெரியவர் சுண்டெலியாகிக் கீச்சிடுவார். மாமா முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மாமாவின் மோட்டாரை வைத்தே ஈறைத் தேய்த்து எடுத்தேன். ஒத்திகைக்கு முதலில் அக்கா தங்கை. அணில்கள், அப்படியே. குளத்து மாட்டைப் போட்டேன். நாலு கொசுக்கள் கதவை உடைத்தன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கடைசியாகப் பெரியவர்.

ஊசி இறங்கியது. கால் தட்டியது. கிழவரின் கால் அல்ல. குதிகால் உள்ள செருப்பு, மரத்தரையில், துள்ளலாக. கிதார் வந்தது. அணிலும் இல்லை, கொசுவும் இல்லை. கம்பியை விரல் விடுகிற சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது. இத்தனை வருஷமாக அந்தக் கிதார் தண்ணீருக்குள்ளிருந்து வாசித்துக்கொண்டிருந்தது என்றும், இப்போதுதான் யாரோ அதைக் கரையில் எடுத்து வைத்தார்கள் என்றும் தோன்றியது.

பிறகு அவள் பாடினாள்.

ஒரு பெண். சின்ன வயசுப் பெண். என்னைவிட நாலைந்து வயது பெரியவளாக இருந்தால் அதிகம். நான் சிரிப்பதற்காகத் திறந்த வாயை அப்படியே மறந்துவிட்டேன், அலமாரித் தாடைகளில் ஒன்றாக. பெரியவர் மூச்சு வாங்குகிற இடத்தில் அவளும் மூச்சு வாங்கினாள். ஆனால் அது களைப்பு இல்லை, கிணற்றில் குதிக்கப் போகிறவள் இழுக்கிற மூச்சு. அவர் விளிம்பில் வைத்துவிட்டுப் போன வார்த்தைகளை அவள் எடுத்து வானத்தில் எறிந்தாள். ‘ஸ’ எல்லாம் கத்தியால் நறுக்கின மாதிரி சுத்தம். முப்பத்திரண்டு பல்லும் பத்திரமாக இருந்தன.

ஊசி முடிந்து கரகரவென்று சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு அதை எடுக்கத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் இந்த அறையில், இந்தத் தூசிக்கு நடுவில், அவள் உள்ளேயே இருந்திருக்கிறாள். நாங்கள் அவளை மெதுவாகச் சுற்றிச் சுற்றிக் கிழவராக்கியிருக்கிறோம்.

அதற்கப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

ரெக்கார்டைப் போனில் பதிவு செய்துகொண்டு குதிரைவாலிடம் ஓடினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “இதுதான் சரியான வேகம். பெரிய தட்டுலயும் நாற்பத்தஞ்சு உண்டும்மா, அபூர்வம். நடுவுல லேபிள் இல்லன்னா யாருக்கும் தெரியாது. யாரு இந்தப் பொண்ணு?”

“தெரியல அண்ணே.”

“எனக்கும் தெரியல. எவ்வளவு அருமையா இருக்கு! யாரு ரெக்கார்டு?”

“தெரிஞ்சவங்களோடது” என்று சொல்லிவிட்டு நழுவினேன். அவர் கடையின் பிளேயரில் உள்ள வேகப் பொத்தான் என் கண்ணில் பட்டது. ஞாயிறன்று மாமா ‘பல்லில்லாத பெரியவர்’ என்று பேசி முடித்து ரெக்கார்டைக் கொடுக்க, இவர் முதல் வரியைக் கேட்டதுமே வேகம் தவறு என்று பொத்தானைத் தட்டுவார். அறை முழுக்கச் சிரிக்கும். இடதுகை எழும். எழுந்தால் இந்தத் தடவை எப்போது இறங்கும்?

அம்மாவிடம் சொன்னேன். போனில் கேட்கவும் வைத்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்ததும் என் காதைப் பிடித்துத் திருகினாள்.

“உனக்கு வேற வேலையே இல்லையாடி? அந்தக் கிழவராலதான் அவன் வாயத் தொறந்தான். அவரைப் போய்க் கொன்னுட்டு வந்து நிக்கிற!”

“நான் கொல்லலம்மா. அவரு இருக்கவே இல்ல.”

“அத அவன்கிட்ட போய் நீ சொல்லுவியா?”

சொல்லமாட்டேன். அதற்குப் பதில் இரண்டு திட்டம் போட்டேன். ஒன்று, உடைத்த ஈறைத் திரும்ப வைப்பது. இரண்டு, ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமாகப் போய்க் கடை பிளேயரின் பொத்தானுக்கும் ஒரு ஈறு வைத்துவிடுவது. முதல் தடவையாக ஒரு குறும்பை நான் நல்ல காரியத்துக்குச் செய்கிறேன் என்று நினைத்தபோது கொஞ்சம் அசிங்கமாகக்கூட இருந்தது.

அக்ரிலிக் பொடியை அதற்கான திரவத்தில் கலந்தேன், குச்சியை முப்பத்துமூன்றில் வைத்து உருண்டை பிடித்தேன், நகத்தால் வழித்தேன். பார்வைக்கு அப்படியே இருந்தது, என் பார்வைக்கு.

மறுநாள் மாமா தொப்பியைக் கழற்றினார். ரெக்கார்டை எடுக்கப் போனவர் நின்றார். குனிந்து பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தார்.

“இது என் ஈறு இல்ல.”

“மாமா...”

“உள்ள காத்துக் குமிழ் இருக்கு. திரவம் அதிகமா ஊத்திருக்க. கலரும் ஒரு மாத்து கம்மி. இப்படி ஒண்ண நான் செஞ்சிருந்தா டாக்டர் என் மூஞ்சிலயே எறிவாரு.” பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். “எதுக்குடி உடைச்ச? பழைய அணில் விளையாட்டா?”

வாலு என்று பெயரெடுத்தவளுக்கு ஒரு பொய்கூடக் கிடைக்கவில்லை. என் கண் பெரியவர் ரெக்கார்டின் மேல் போனதை மாமா பார்த்துவிட்டார். மோட்டாரை எடுத்து அவரே என் ஈறைத் தேய்த்து எடுத்தார். குச்சியைத் தள்ளினார். பெரியவரை வைத்தார்.

அவள் பாடினாள்.

மாமா இரண்டு பக்கத்தையும் கேட்டார். நாற்காலியில் முன்னால் சாய்ந்து, கண்ணெடுக்காமல், சுற்றுகிற கறுப்பையே பார்த்துக்கொண்டு. திருப்பிப் போட மட்டும் எழுந்தார். முடிந்ததும் எழுந்து கிண்ணத்துக்குள்ளிருந்து அந்தப் பல்செட்டை எடுத்து, துடைத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“ஒரு பல்லுகூடப் போகலடி அவளுக்கு” என்றார். இடதுகை எழுந்து வாயை மூடிக்கொண்டது. சிரிக்காதபோது அந்தக் கை எழுந்து நான் பார்த்ததில்லை.

அன்று வேறெந்த ஆல்பமும் போடவில்லை. சனிக்கிழமையும் இல்லை. மோட்டார் மட்டும் தனியாக அழுதது. அம்மா கொண்டுவந்த டீ ஆறிப்போய்த் தூசி படிந்தது. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, வாயிலிருந்து கையை எடுக்காமலே, “அந்தக் கடைக்காரர்ட்ட போய் நான் வரலன்னு சொல்லிட்டு வா” என்றார்.

“எதுக்கு மாமா?”

“எதப் போய்ப் பேசறது? எல்லாம் பொய்யின்னு ஆயிடுச்சே.”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. “ஆமா, பெரிய அரிச்சந்திரன்! நீங்க செய்றதே பொய்ப்பல்லு. அத வச்சு மென்னு தின்றவங்க நெஜமாத்தானே திங்கறாங்க? யாருக்காவது பசி பொய்யாவா அடங்குது?”

மாமா நிமிர்ந்தார்.

“அந்தப் பொண்ணு பாடினது எங்கயாவது யார்கிட்டயாவது இருக்கும். அவள எவ்வளவோ பேர் கேட்டிருப்பாங்க. பெரியவரு எங்க இருந்தாரு? இந்த ரூம்ல மட்டும்தான். உலகத்துல வேற எவனும் அவரக் கேட்டதில்ல. நீங்க போகலன்னா அவரு அவ்வளவுதான். போங்க, வாய மூடிக்கிட்டே உக்காந்திருங்க, எனக்கென்ன.”

சொல்லிவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டேன். கடைக்காரரிடம் போகவில்லை. உள்ளே நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஊசி இறங்குகிற சத்தம். பெரியவர் தடியை ஊன்றிப் படியேறினார். அந்தப் பாட்டு முடிந்ததும் ஒரு ‘டக்’. அவள் மேலிருந்து குதித்தாள். மறுபடி ‘டக்’. அவர். மறுபடி அவள். தெருவில் போன ஒருவர் நின்று, “உள்ள யாரும்மா, ரெண்டு பேரா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். ஒரு கையில் ரெக்கார்டு, ஒரு கையில் மூடி போட்ட கண்ணாடிக் கிண்ணம். “என்னடி பாக்கற? கிளம்பு. உங்கம்மாவயும் கூப்பிடு.”

மாடியறையில் மடக்கு நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருந்தன. மாமாவின் முறை வந்ததும் குதிரைவால் அவர் கையில் மைக்கைக் கொடுத்தார். மாமா மறுகையில் பல்செட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பிடித்துக்கொண்டார். முதல் வரிசை கொஞ்சம் பின்னால் நகர்ந்தது.

“இத யாருக்குச் செஞ்சேன்னு சொல்றேன். முதல்ல அவரக் கேளுங்க. முப்பத்துமூணுல போடுங்க, தம்பி. நீங்க பொத்தானைத் தொடக்கூடாது.”

பெரியவர் வந்தார். நல்ல ஸ்பீக்கரில், பெரிய அறையில், இன்னும் கனமாக வந்தார். குதிரைவாலின் விரல் பொத்தானுக்குப் போனது, நின்றது, திரும்பி வந்தது. பாட்டு முடியும்வரை யாரும் கால் மாற்றிக்கூட உட்காரவில்லை. மாமா பேசினார். ஸ்கூட்டர், ரோட்டில் விட்ட பல், சுவர், பழைய சாமான் கடை, கண்ணாடி முன்னால் எழுப்பிப் பார்த்த சத்தம், தாடையின் அகலம், ஓரத்து உடைசல். ஒத்திகையில் சொன்னதெல்லாம் சொன்னார்.

“இவரு இல்லன்னா நான் வாயத் தொறந்திருக்கவே மாட்டேன். முந்தாநாள்தான் தெரிஞ்சது, இவரு இல்லவே இல்லன்னு.” திரும்பி என் பக்கம் ஜாடை காட்டினார். “அந்தா உக்காந்திருக்கே ஒரு வாலு, அது கண்டுபிடிச்சது. இப்ப நாற்பத்தஞ்சுல போடுங்க.”

அவள் வந்தாள்.

யாரோ ஒருவர் “அடேங்கப்பா” என்று மூச்சுக்குள் சொன்னது கேட்டது. அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது, யாரும் திரும்பவில்லை. நான் ஆட்களின் முகத்தைப் பார்த்தேன். அந்த வியாழக்கிழமை என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

பாட்டு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரிய அம்மாள் கேட்டார். “தம்பி, அப்ப அந்தப் பல்செட்ட என்ன பண்ணப் போறீங்க? அந்தப் பொண்ணுக்குத்தான் வேண்டாமே?”

மாமா கையிலிருந்ததைப் பார்த்தார். “இருக்கட்டும்மா. அவளுக்கும் வயசாகும்ல?”

அறை வெடித்தது. அவருக்கும் அடக்க முடியவில்லை. இடதுகை எழுந்தது. அதில் பெரியவரின் பல்செட் இருந்தது. பாதி வழியில் அது அவர் கண்ணிலேயே பட்டு, வாய்க்கு முன்னால் இன்னொரு வாயை நீட்டிக்கொண்டு நிற்கிறோம் என்று புரிந்து, இன்னும் பெரிதாகச் சிரிப்பு வந்துவிட்டது. வலதுகையில் மைக். மறைக்க வேறு கை இல்லை. கையைக் கீழே போட்டுவிட்டு மாமா வாயை முழுக்கத் திறந்து சிரித்தார். சத்தத்தோடு, மைக்கில், அத்தனை பேர் முன்னால். மேல்வரிசை முன்பல் நாலும் வெளிச்சத்தில் தெரிந்தன.

பக்கத்தில் அம்மா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு என் தோளை இடித்தாள்.

“எவ்வளவு நல்லாப் பல்லு செஞ்சிருக்கான் பாருடி” என்றாள்.